எதிர்தரப்புக்கு ஒரு நகல்

ஜூன் 12

நுகர்வோர் ஆணையத்தில் புகாரைக் கொடுத்துவிட்டேன். வக்கீல் வைக்கவில்லை. முப்பத்தோரு வருடம் விதைச் சான்றுத் துறையில் களப்பணியாளராக இருந்தவன் நான். அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட அறிக்கைகளையெல்லாம் எழுதியது இந்தக் கைதான். எட்டுப் பக்கப் புகார் எழுத எவன் துணையும் எனக்கு வேண்டாம்.

புகாரின் சாரத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன். புகார்தாரர் கோ. அமிர்தகடேசன், வயது எழுபத்திரண்டு, மயிலாடுதுறை தையல் கம்ப்யூட்டர்ஸ் என்ற கடைக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். "ஒரு கணினி. இருப்பதிலேயே புதிய ரகம்." சீட்டில் இருந்தது இவ்வளவே. வந்து சேர்ந்த கணினிக்கு மூளையாக இருக்கும் பிராசஸரின் பெயர் மெராக் 5. மூன்று மாதம் கழித்து, ஸ்டுடியோ வைத்திருக்கும் ஹனீபாவின் கணினியில் மெராக் 9 என்ற ஒட்டுச்சீட்டைப் புகார்தாரர் தன் கண்ணால் கண்டார். ஒன்பது வந்த பிறகு ஐந்தைக் கொடுப்பது, ஆடுதுறை 45 நெல் வந்த பிறகு ஆடுதுறை 36ஐப் புது ரகம் என்று விற்பதற்குச் சமம். புகார்தாரருக்குப் பணம் வேண்டாம். ஏமாற்றியதை எதிர்தரப்பு எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கடை வாசலில், பெயர்ப்பலகைக்குக் கீழே ஒட்ட வேண்டும்.

மனு வாங்கிய பெண் ரசீதைப் பார்த்துவிட்டு, "ஐயா, மெராக் அஞ்சுக்குப் பின்னாடி 7640ன்னு ஒரு நம்பர் இருக்கே, அத எழுதலயே?" என்றாள்.

"அது குவியல் எண்ணும்மா. விதை மூட்டையில கட்டுற அட்டையிலயும் ரகத்துப் பேருக்குப் பின்னாடி அப்புடி ஒரு நீள நம்பர் இருக்கும். எந்தக் குவியல்லேர்ந்து அள்ளுனதுன்னு தெரியிறதுக்கு. தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"சரிங்கய்யா. நகல் தனியா வேணும். இனிமே நீங்க எத தாக்கல் பண்ணாலும் எதிர்தரப்புக்கு ஒரு நகல் போயிரணும். அதான் முறை."

பிறகு எதிர்தரப்பின் முகவரியை எழுதிக்கொண்டே வந்தவள், உரிமையாளர் பெயரில் நின்றாள். "அ. குமரகுருபரன். அ-ன்னா?"

"அமிர்தகடேசன்."

நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா பேரும்..."

"ஒரே பேர்ல ரெண்டு பேரு இருக்கக் கூடாதா?" என்றேன்.

இருக்கலாம். இந்த வழக்கில் ஒருவர்தான். ஆனால் அவள் கேட்டது சட்டத்துக்குத் தேவையில்லாத கேள்வி.

ஜூன் 13

மோட்டார் வாஷர் மாற்றினேன். தயிர் உறையவில்லை. மனைவி தையல்நாயகியிடம் புகார் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. தபால்காரர் சொல்லிக்கொள்வார்.

ஜூன் 21

சொல்லிவிட்டார்.

மகன் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோயிருந்த தையல்நாயகி மத்தியானமே திரும்பி வந்தாள். தூக்குச்சட்டியை அடுப்படியில் வைக்காமல் என் மேசை மேல், நான் சேர்த்து வைத்திருக்கும் விதை உறைகளுக்கு நடுவில் வைத்தாள்.

"புள்ளைக்கு நோட்டீசு அனுப்பியிருக்கீங்களாமே?"

"கடைக்கு அனுப்பினேன்."

"கட பேரு என்னா?"

கடையின் பெயர் அவளுடைய பெயர். ஏழு வருடத்துக்கு முன் திறந்தபோது எதிர்தரப்பு தன் அப்பன் பெயரை வைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு நான் போகாததற்கு அது காரணமில்லை. அன்று எனக்கு நெஞ்சில் சளி.

"ஏமாத்துனோம்னு எழுதி எம் பேருக்குக் கீழ ஒட்டணுமாம்ல. அப்புடித்தான எழுதியிருக்கீங்க?"

"அது நிவாரணக் கோரிக்கை. சட்டத்துல அப்புடித்தான் கேக்கணும்."

"கேளுங்க. தீர்ப்பு வர்ற அன்னிக்கு மொதல்ல அந்தப் பலகைய எறக்கிடச் சொல்றேன். அப்பறம் வெறும் செவுத்துல ஒட்டிக்கங்க. நான் அவன் வீட்டோட இருந்துக்குறேன்."

அவள் எதையும் சும்மா சொல்கிறவள் இல்லை. நாற்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை.

ஜூன் 26

குழம்பில் மூன்று நாளாக உப்பில்லை. நானும் கேட்கவில்லை.

வழக்குக்காக மெராக் பெயர்களைப் பட்டியல் போட உட்கார்ந்தேன். மெராக் 3, 5, 7, 9. சரி. பிறகு மெராக் அல்ட்ரா 5. மெராக் 5 பிளஸ். மெராக் பிளஸ் அல்ட்ரா 7. கடைசியில் சிலதற்கு எச், சிலதற்கு யூ, சிலதற்கு எக்ஸ். இரண்டு எழுத்து சேர்ந்து வருவதும் உண்டு. இருபத்தேழு பெயர் எழுதிய பிறகு பேனாவை மூடிவிட்டேன்.

விதை அட்டையில் நான் ஒரு எழுத்தை மாற்றி எழுதியிருந்தால் ஒரு கிராமமே தவறான பட்டத்தில் தவறான நெல்லை விதைத்திருக்கும். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். ரகம், குவியல் எண், முளைப்புத் திறன், புறத்தூய்மை, காலாவதி நாள். ஐந்தாவது படித்தவனும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவான். என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் அட்டை எழுதினேன் என்று கணக்கில்லை. ஒன்றிலும் என் பெயர் கிடையாது. அடியில் ஒரு கோடு இருக்கும். அதில் அலுவலர் கையெழுத்துப் போடுவார். பலர் வயலைப் பார்த்ததுகூட இல்லை.

எதிர்தரப்பு அந்தக் கோட்டில் உட்காரட்டும் என்றுதான் வேளாண்மைப் பட்டயப் படிப்பில் சேர்த்துவிட்டேன். இரண்டாம் வருடம் பாதியில் விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப் போனது. அதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை. வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

ஜூலை 3

இன்று முழுக்கக் கணக்குப் போட்டேன்.

ஐந்தில் சரக்கு குறைவு என்று நிரூபிக்கப் புறப்பட்டேன். பிராசஸருக்குள் என்னதான் இருக்கிறது என்று கணினியிலேயே தேடிப் படித்தேன். ஆங்கிலம் எனக்குத் துண்டுப் பிரசுரங்களிலிருந்து வந்தது. மெதுவாகப் படிப்பேன், ஆனால் விடமாட்டேன். உள்ளே இருப்பவை எல்லாம் சுவிட்சுகள். நம் வீட்டு விளக்கு சுவிட்சு மாதிரி, போடலாம், அணைக்கலாம். வேறு ஒன்றும் அதற்குத் தெரியாது. என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சில்லில் அப்படி ஆயிரம் கோடி சுவிட்சுகள்.

ஆயிரம் கோடி என்றால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நெல்லாக மாற்றிப் பார்த்தேன். ஆயிரம் மணி ஏறக்குறைய இருபது கிராம். ஒரு கிலோவில் ஐம்பதாயிரம் மணி. ஆயிரம் கோடி மணிக்கு இருநூறு டன். அறுபது கிலோ மூட்டையில் கட்டினால் மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் மூட்டை. ஏக்கருக்கு முப்பத்து மூன்று மூட்டை கண்டால்கூட நூறு ஏக்கர்.

நூறு ஏக்கர் அறுவடை. ஒரு நகத்தின் மேல். ஒவ்வொரு மணிக்கும் தனி வேலை.

நான்கு தடவை கணக்கைச் சரிபார்த்தேன். சரிதான். எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். தெருக்கோடிக்கு அப்பால் குறுவை நட்டிருக்கிறார்கள். நூறு ஏக்கர் எதுவரை என்று கண்ணால் அளந்தேன். வாய்க்கால் தாண்டி, தென்னந்தோப்பு தாண்டி, ரயில் பாதை மேடு வரை. பிறகு கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தேன்.

"என்னங்க, யாருக்கு லிஃப்ட் கேக்குறீங்க?" என்றாள் தையல்நாயகி கிணற்றடியிலிருந்து. பன்னிரண்டு நாளில் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை. விரலை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஜூலை 5

இந்தக் கணக்கையும் ஒரு கூடுதல் மனுவாக எழுதித் தாக்கல் செய்தேன். வழக்குக்கு வலு சேர்க்கிறதா என்று மனு வாங்குகிற பெண் கேட்டாள். சேர்க்கும் என்றேன். எதிர்தரப்புக்கு ஒரு நகல் பதிவுத் தபாலில்.

ஜூலை 10

அந்தச் சில்லுக்குள் ஒரு துடிப்பு இருக்கிறதாம். ஒரு துடிப்புக்கு ஒரு அடி வேலை நகரும். ஒரு நொடிக்கு நானூறு கோடித் துடிப்பு.

ஒளியைவிட வேகமாக ஒன்றும் போக முடியாது என்று படித்திருக்கிறேன். சரி, ஒரு துடிப்பு நேரத்தில் ஒளி எவ்வளவு தூரம் போகும் என்று போட்டுப் பார்த்தேன். ஏழரை சென்டிமீட்டர். உள்ளங்கையைக் குறுக்கே வைத்து அளந்தேன். ஒளி என் உள்ளங்கையின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருவதற்குள் இந்தச் சில்லு ஒரு வேலையை முடித்துவிடுகிறது.

நான் உட்கார்ந்து ஆயிரம் மணி எண்ண இருபது நிமிடம் ஆகும். இருபது வயதில் பதினைந்து நிமிடம்.

இதையும் மனுவாக எழுதினேன். நகல் ஒன்று.

ஜூலை 15

முதல் வாய்தா. ஆணையத்தின் தலைவர் ஓர் அம்மையார், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். எதிர்தரப்பு வக்கீல் இல்லாமல், கட்டம்போட்ட சட்டையோடு வந்து நின்றது. கொஞ்சம் மெலிந்திருந்தது. கோப்பின்படி இது முக்கியமில்லை.

"பதில் மனு எங்கே?" என்றார் தலைவர்.

"இல்லம்மா. போடல."

"போடலன்னா? புகார ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கலம்மா. பதிலும் இல்ல."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, கூடுதல் மனு ரெண்டு போட்டிருக்கீங்க. ஒண்ணுல நூறு ஏக்கர் நெல்லு இருக்கு. இன்னொண்ணுல ஒளியோட வேகம் இருக்கு. புகார் என்னான்னு சுருக்கமா சொல்லுங்க."

"அட்டை ஒண்ணு, சரக்கு ஒண்ணு. அதாங்கம்மா புகாரு."

"எதிர்தரப்பு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"எதிர்தரப்பு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ஆகஸ்ட் 21க்கு ஒத்திவைத்தார். "அதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு தடவ ஒக்காந்து பேசுங்க" என்றார். வெளியே வந்தபோது எதிர்தரப்பு தன் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றது. பின் இருக்கையைத்தான் துடைத்தது. நான் பஸ்ஸில் வந்தேன்.

வந்து யோசித்தால் கோபம்தான் வருகிறது. பதில் மனு போடாதவனோடு எப்படி வழக்காடுவது?

ஜூலை 22

இன்று படித்ததை ஆறு தடவை படித்தேன்.

மெராக் 9 ஒரு பட்டறையிலும் மெராக் 5 வேறு பட்டறையிலும் செய்யப்படுவதாகத்தான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டத் தட்டு. அதில் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒளியாலேயே வரைகிறார்கள். எல்லாம் ஒன்றுபோல, எட்டு அறை வீடு மாதிரி. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி விழுந்தாலும் ஓர் அறை கெட்டுப்போகும். வரைந்து முடித்து, வெட்டி, ஒவ்வொன்றையும் சோதிக்கிறார்கள். எட்டு அறையும் தேறினால் ஒரு பெயர். ஒன்றிரண்டு அறை கெட்டிருந்தால் அந்த அறைகளை மட்டும் நிரந்தரமாகப் பூட்டிவிட்டு, ஆறு அறை வீடாக வேறு பெயர் வைத்து அனுப்புகிறார்கள். அந்தப் பெயர்தான் என் மேசை மேல் இருக்கும் ஐந்து.

ஒரே வயல். ஒரே அறுவடை. தூற்றி, சலித்து, அதற்குப் பிறகுதான் பெயர்.

இதை நான் செய்திருக்கிறேன். முப்பத்தோரு வருடம் செய்தேன். ஆனால் எங்கள் முறையில் தேறாத குவியலுக்கு அட்டை கிடையாது. 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி அரிசி ஆலைக்கு அனுப்பிவிடுவோம். இவர்கள் அனுப்பவில்லை. கெட்ட இடம் எது என்று தேடிப்பிடித்து, அதை மட்டும் மூடி, மிச்சத்தை வாழவிடுகிறார்கள். அது காலமெல்லாம் ஓடுகிறது. தனக்குள் பூட்டிய அறை இருப்பது அதைத் தட்டச்சு செய்கிறவனுக்குத் தெரியாது.

மாலை கணினியைப் போட்டபோது கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கு நிற்கிறது. ஐந்து ஐந்துதான், ஒன்பது ஒன்பதுதான்.

ஜூலை 30

தையல்நாயகி முறத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு சந்தேகம் கேக்கவா?"

"கேளு."

"பெரிய நம்பருதான் புதுசுங்கிறீங்க. ஆயிரத்தொம்போது நெல்ல எங்கப்பா காலத்துலேர்ந்து நடுறோம். கோ அம்பத்தொண்ணு நேத்து வந்துச்சு. ஆயிரத்தொம்போது அஞ்சு மாசம் வயல்ல கெடக்குது. அம்பத்தொண்ணு மூணரை மாசத்துல வீட்டுக்கு வந்துருது. இப்ப எது பெருசு, எது புதுசு, எது வேகம்?"

"அது வேற. அதுக்கு நம்பர் குடுக்குற முறையே வேற."

"அப்ப இதுக்கு மட்டும் ஒங்க மொறன்னு எவன் சொன்னான்?"

அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இயந்திரத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

ஜூலை 31

கல் இன்னும் மேசையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 1

7640 குவியல் எண் இல்லை.

ஆகஸ்ட் 2

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

மெராக் 5 7640 என்ற பெயரில், 5 என்பது ரகம் இல்லை. அது வீட்டின் அளவு. எந்த வருடத்து விதை என்பது பின்னால் வரும் நீள எண்ணின் முதல் இலக்கத்தில் ஒளிந்திருக்கிறது. என்னுடையது 7. ஹனீபாவின் மெராக் 9க்குப் பின்னால் 3950 என்று இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, குவியல் எண் என்று ஒதுக்கினேன். அது நான்கு தலைமுறை பழையது.

முக்கியமானதை வால் மாதிரி பின்னால் தொங்கவிட்டு, முக்கியமில்லாததை நெற்றியில் எழுதியிருக்கிறார்கள். என் துறையில் இப்படி ஒரு அட்டை எழுதியிருந்தால் வேலை போயிருக்கும்.

இருந்தாலும் இது எழுத்துச் சாட்சிதான். கண்சாட்சி வேண்டும்.

ஆகஸ்ட் 5

ஹனீபாவின் ஸ்டுடியோவுக்குப் போனேன். என் விதை உறைகள் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு உறையிலிருந்தும் ஆயிரம் மணியைக் கறுப்புத் துணியில் பரப்பி எடுத்த படங்கள். ஒரு மென்பொருள் ஒவ்வொரு மணியையும் எண்ணி, நீளம் அகலம் அளந்து பட்டியல் போடும். அதே மென்பொருள், அதே படங்கள். முதலில் ஹனீபாவின் ஒன்பதில்.

"அண்ணே, இது பந்தயமா, பரீட்சையா?" என்றார் ஹனீபா.

"சோதனை. நீ கடிகாரத்த மட்டும் பாரு."

இருபத்தொரு நிமிடம். வீட்டுக்கு வந்து என் ஐந்தில் போட்டேன். ஹனீபாவும் கடிகாரத்தோடு கூடவே வந்துவிட்டார். ஒன்பது நிமிடம்.

நானூறு உறை. நான்கு லட்சம் மணி. என் இளமை முழுக்க எண்ணிய மணிகள். ஒன்பது நிமிடத்தில் எண்ணி, அளந்து, வரிசைப்படுத்திவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி அடுத்த வேலைக்குக் காத்திருந்தது. ஆறு அறையோடு.

"இன்ஷா அல்லாஹ், நானும் ஒங்க பையன்கிட்டயே ஒண்ணு வாங்கிக்கிறேண்ணே" என்றார் ஹனீபா.

"வழக்கு நடக்குது. சாட்சியக் கலைக்காத" என்றேன்.

ஆகஸ்ட் 6

ஸ்டுடியோவில் மின்னழுத்தம் குறைவாக இருந்திருக்கலாம். மறுபடி சோதிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8

இருபத்தொரு நிமிடம் பத்து நொடி. ஒன்பது நிமிடம்.

ஆகஸ்ட் 9

ஹனீபாவின் கணினியில் தூசி. நானே தட்டிச் சுத்தம் செய்தேன். இருபது நிமிடம் ஐம்பது நொடி. ஒன்பது நிமிடம்.

ஆகஸ்ட் 14

சாட்சிப் பொருளைப் பார்வையிடும் பொருட்டு, கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தையல் கம்ப்யூட்டர்ஸுக்குப் போனேன். முதல் தடவை. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. ஒற்றுப் புள்ளி எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

எதிர்தரப்பு எழுந்து நின்றது. "வாங்க புகார்தாரரே. வாய்தா முடியறதுக்கு முன்னாடி வரலாமா?"

"தலைவரே ஒக்காந்து பேசச் சொல்லியிருக்காங்க. நான் நின்னுக்கறேன்."

உள்ளே கால் வைத்ததும் சுவரில் அதைப் பார்த்தேன். என் கையெழுத்து. ஜூலை 5 அன்று நான் தாக்கல் செய்த கூடுதல் மனுவின் இரண்டாம் பக்கம், நூறு ஏக்கர் கணக்கு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒளியும் உள்ளங்கையும்.

"இது ஆணையத்தோட ஆவணம். செவுத்துல மாட்டக் கூடாது."

"வர்றவங்க எல்லாம், உள்ள என்னாதான் இருக்குன்னு கேக்குறாங்கப்பா. எனக்கு இப்புடிச் சொல்லத் தெரியல. இதப் படிச்சுட்டு ஒரு பெரியவரு அரைமணி நேரம் கட்டவெரலப் பாத்துக்கிட்டே இருந்தாரு."

சட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நேராக்கி வைத்தேன்.

பிறகு கேட்டேன். "பதில் மனு ஏன் போடல?"

திருப்புளியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் இழுப்பறையைத் துழாவியது. "போட்டா நீங்க தோத்துருவீங்க."

"தோத்தா தோக்குறேன். நீ யாரு அதத் தடுக்க?"

"அதுமட்டும் இல்லப்பா. சீட்டு எழுதி அம்மாகிட்ட குடுத்தனுப்புவீங்க, நாலு வார்த்த இருக்கும். இந்த நோட்டீசு எட்டுப் பக்கம். அப்பறம் ரெண்டு ரெண்டு பக்கமா வந்துச்சு. பதில் போட்டா வழக்கு முடிஞ்சுரும். முடிஞ்சா நகல் வராது."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் புழுக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"தொற" என்றேன். கணினியை.

மின்விசிறியைக் கழற்றியது. அடியிலிருந்த சாம்பல்நிறப் பசையைத் துணியால் பதமாகத் துடைத்தது. வெள்ளித் தகடு ஒன்று தெரிந்தது. விதை பார்க்கும் பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தேன். மெராக் 5 7640. ரசீதில் இருந்தது அப்படியே. ஓர் எழுத்து மாறவில்லை. அட்டை ஒன்று, சரக்கு ஒன்று என்று நான் சொன்னது சரியில்லை.

"தகட்டுக்கு உள்ள பாக்க முடியாதா?"

"இதுல முடியாதுப்பா. செத்துப்போன சில்லு ஒண்ணு வச்சிருக்கேன். பாருங்க."

தகடு நீக்கிய ஒரு சில்லை என் உள்ளங்கையில் வைத்தது. புறாக் கழுத்தின் நிறம். சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் ஊதா. கண்ணாடியை வைத்தேன். வயல். வரப்பு. கட்டம் கட்டமாக வயல், நடுவில் நேரான வாய்க்கால், ஓரமெல்லாம் கிளை வாய்க்கால். ஒரு தடவை விதைக் கூட்டத்துக்காக டெல்லிக்கு விமானத்தில் அனுப்பினார்கள். ஏறியதும் ஜன்னல் வழியாகப் பார்த்த பூமி இப்படித்தான் இருந்தது. அதை ஆண்டவன் செய்ததாகச் சொல்கிறார்கள். இதை மனிதர்கள் செய்திருக்கிறார்கள். அங்கே ஒரு வயலுக்குள் நெல் தெரியவில்லை. இங்கேயும் தெரியவில்லை. ஆனால் உண்டு. நூறு ஏக்கர் உண்டு.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. நிமிர்ந்தபோது ஸ்டூல் ஒன்று எனக்குப் பின்னால் வந்திருந்தது. அதில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னோடதுல பூட்டுன அறை ரெண்டு எந்தப் பக்கம் இருக்கும்?"

"எனக்குத் தெரியாதுப்பா. அதுக்கே தெரியாது."

ஆகஸ்ட் 15

குழம்பில் உப்பு இருந்தது. கல்லை மேசையிலிருந்து எடுத்துப் போட்டாள்.

வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான்கு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 21

இரண்டாம் வாய்தா. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று மனு கொடுத்தேன். தலைவர் புரட்டிப் பார்த்தார்.

"ஐயா, வாபஸ் வாங்குறேன்னு ஒரு வரி போதும். நாலு பக்கம் எழுதியிருக்கீங்க."

"ஒரு வரியில உண்மை அடங்காதுங்கம்மா. சரக்கு சுத்தம். கேட்டது கிடைச்சிருக்கு. அதத் தப்பாப் படிச்சது புகார்தாரர். ஆனா தப்பாப் படிக்கிற மாதிரி பேர் வச்சது புகார்தாரர் இல்ல. ரெண்டும் பதிவாகணும். ஒண்ணு மட்டும் பதிவானா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பேர் வச்ச கம்பெனி இந்த வழக்குலயே இல்லையே."

"அதனாலதான் நாலு பக்கம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதிர்தரப்புக்கு ஆட்சேபணை உண்டா?"

"ஆட்சேபணை இல்லம்மா. எனக்கு நகல் மட்டும் வேணும்."

இந்தத் தடவை தலைவரும் சிரித்தார். நகலைத் தயாராகத்தான் கொண்டுபோயிருந்தேன். தபாலில் அனுப்பவில்லை, கையிலேயே கொடுத்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகும் போலிருந்தது. வண்டியின் பின் இருக்கையில் வந்தேன். ஓட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வளைவில் கொஞ்சம் வேகம்.

ஆகஸ்ட் 27

நான்காம் பக்கத்தில் ஒரு மாதிரி அட்டை வரைந்திருந்தேன். அதை அப்படியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள் கடையில். நீல அட்டை, ஓட்டை போட்டு, சணல் கயிறு கோத்து. வெளியான ஆண்டு முதல் வரியில், பெரிதாக. பிறகு அறைகள் எத்தனை திறந்திருக்கின்றன, நொடிக்கு எத்தனை துடிப்பு, எந்த வேலைக்கு உகந்தது, எந்த வேலைக்கு உகந்ததில்லை. கம்பெனி வைத்த பெயர் கடைசியில், சின்ன எழுத்தில். அடியில் ஒரு கோடு. 'சோதித்தவர்.'

கடையில் இருந்த பதினான்கு கணினிக்கும் உட்கார்ந்து அட்டை எழுதினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆனது. ஒரு மெராக் 9 இருந்தது, 3 வரிசை. மேலே ஒட்டியிருந்த பளபளப்பான சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் அட்டை கட்டுவேன் என்றேன். கிழிக்க விட மாட்டேன், கம்பெனிச் சீட்டு என்றான். அரைமணி நேரம் வாதாடினோம். கடைசியில் ஒட்டுச்சீட்டுக்கு மேலேயே அட்டையைக் கட்டுவது என்று முடிவானது. சாப்பாடு கொண்டுவந்த தையல்நாயகி, தன் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதி முடித்த அட்டைகளை அடுக்கி அவன் பக்கம் நகர்த்தினேன். பழக்கம். முப்பத்தோரு வருடம் அப்படித்தான் நகர்த்தினேன்.

அவன் திருப்பி என் பக்கம் நகர்த்தினான்.

"கடை ஒன்னோடது" என்றேன்.

"சோதிச்சது நீங்கதானப்பா. நீங்கதான் போடணும்."

பேனாவை எடுத்தேன். அவ்வளவு சின்னக் கோட்டில் எழுதிப் பழக்கமில்லை. கோ. அமிர்தகடேசன் என்று போடுவதற்குள் பெயர் கோட்டைத் தாண்டி, அட்டையின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. வேறு அட்டை தரட்டுமா என்று கேட்டான் குமரகுருபரன்.

வேண்டாம் என்றேன். அதைத்தான் முதலில் கட்டினேன்.